ஃபில்டர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் வருகிறது, என்ன செய்வது என்று தங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பவர் ஒயரில் இரைச்சலை வடிகட்டும் ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்று பதில் வந்திருந்தது. பதில் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டோம். சில வண்டிகளில் ஃபில்டர் வேலை செய்யும். ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் என்று இந்த வட்டாரத்தில் ஃபில்டர் ஒன்று, பெரிய கெப்பாசிட்டர் ஒன்று, புது ஆர்சிஏ ஒயர் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோவது) ஒரு செட் என்று வாங்கி மாட்டிவிட்டு, கடைசியில் டிக்கிக்குள் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) மைனஸ் ஒயரை வண்டியின் இரும்பு பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட்டுக்கு அடியில் சுரண்டாமல் விட்ட பெயின்ட்தான் காரணம் என்று தெரிந்துகொள்வது வாடிக்கையாகிவிட்டது. செலவழித்த பிறகு வரும் அறிவு, செலவில்லாமலே வரட்டும் என்று இதை எழுதுகிறோம்.

முதல் வேலை காதுக்கு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஏசிசியில் (எஞ்சின் ஓடாமல் ஸ்டீரியோ ஓடும் நிலை) வைத்து, ஸ்டீரியோவின் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அப்போதே ‘உஸ்’ என்று இரைந்தால் அது ஆம்ப்பில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டி வைத்ததால் வருவது. எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஊளை தொடங்கி, மிதிக்க மிதிக்க நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறுவது போல ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் அது ஆல்டர்நேட்டர், அதாவது எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கும் கருவி. ஊளையாக இல்லாமல் ‘டக் டக் டக்’ என்று எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஓடினால், பெட்ரோல் வண்டியில் அது ஸ்பார்க். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பொறி பறக்கும். 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 900 சுற்று) நொடிக்கு 30. ஸ்பார்க் பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே ரெசிஸ்டர் உள்ள பிளக் என்பதற்கு அடையாளம். விலை குறைவு என்று ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் மீடியம் வேவ் வானொலி கேட்கவே முடியாது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதற்கும் பிளக் ஒயர் மாற்றச் சொல்கிற கடை இருந்தால், வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுவது நல்லது.

ஆர்பிஎம் எப்படி இருந்தாலும் ஒரே சுருதியில் நிற்கிற சத்தம் வேறு குடும்பம். டேஷ் கேமரா, வெளியில் வாங்கிப் போட்ட எல்இடி ஹெட்லைட் பல்பு, சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சார்ஜர் ஆகியவை இதில் அடங்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஆள் பிடிபடும். பண்பலையில் மட்டும் இரைச்சல் இருந்து, பென் டிரைவ் பாட்டு சுத்தமாக வந்தாலும் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொடைக்கானல் 100.5 போல எட்டத்திலிருந்து வரும் நிலையத்தை மெலிந்த சிக்னலில் கேட்கும்போது ஒரு மட்டமான சார்ஜரே அதை மூடிவிடும். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி மட்டும் முனகிவிட்டு நின்றால் அது பெட்ரோல் பம்ப்.

இனி ஆல்டர்நேட்டர் ஊளை. அதிகம் பேர் படும் தொல்லை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஆல்டர்நேட்டருக்குள் உருவாவது மூன்று ஃபேஸ் ஏசி (மாறுதிசை மின்சாரம்). ஆறு டயோடுகள் அதை டிசி (நேர்திசை மின்சாரம்) ஆக்கித் தருகின்றன. ஆனால் அது பாட்டரி தரும் டிசி போல மழமழவென்று இருக்காது, மேலே சின்னச் சின்ன அலை நிற்கும். கார் ஆல்டர்நேட்டர்களில் பொதுவாக 12 துருவங்கள். அப்படியானால் ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் 36 அலை. எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங்கில் நிற்கும்போது, புல்லி விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்நேட்டர் 2000 ஆர்பிஎம்மில் ஓடும். நொடிக்கு 33 சுற்று, 36 ஆல் பெருக்கினால் சுமார் 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2400க்குப் போனால் 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்திலேயே இந்தச் சத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கனத்த ஒலி தரும் ஊஃபரில் கேட்காமல் கீச்சொலி தரும் ட்வீட்டரில் மட்டும் குத்துவதும் இதனால்தான்.

இந்த அலை எல்லா வண்டியிலும் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த செட்டில் கேட்காதது, ஆம்ப் வைத்த பிறகு கேட்கக் காரணம் என்ன? ஸ்டீரியோ முன்னால் டேஷ்போர்டில் ஓர் இடத்தில் எர்த் ஆகிறது. ஆம்ப் பின்னால் டிக்கியில் வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது. இரண்டும் ஒரே இரும்பு பாடிதானே என்று நினைக்கிறோம். ஆம்ப் 30 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் உள்ள இணைப்புகளிலும் தகட்டிலும் சேர்த்து வெறும் 5 மில்லிஓம் இருக்கிறது என்று வையுங்கள். 0.15 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அந்த இரண்டு இடங்களையும் ஆர்சிஏ ஒயரின் வெளிச்சுற்று (நடுக் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) வேறு இணைத்து வைத்திருக்கிறது. பாடி வழியே போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இதன் வழியாகவும் போகும், ஆல்டர்நேட்டரின் அலையையும் கூட்டிக்கொண்டு. ஸ்டீரியோ முழு வால்யூமில் 2 வோல்ட் சிக்னல் தருகிறது என்றாலும், மெல்லிசான இடங்களில் அது 20 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். அங்கே 2 மில்லிவோல்ட் அலை புகுந்தால் பாட்டில் பத்தில் ஒரு பங்கு ஊளை.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய ஆர்சிஏ பிளக் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு சிறு ஒயர் வைத்து சால்டர் செய்துகொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு, அதன் இன்புட்டிலிருந்து ஆர்சிஏ ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் இந்த இரண்டு பிளக்குகளைச் செருகுங்கள். இன்புட்டைத் திறந்தபடி விட்டால் அது தானாகவே இரைச்சலைப் பிடித்துக்கொண்டு நம்மை ஏமாற்றும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பிளக்கை ஸ்டீரியோவின் அவுட்புட்டில் மட்டும் தப்பித்தவறியும் செருகிவிடாதீர்கள். இப்போது ஸ்டார்ட் செய்து 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். ஊளை அப்படியே இருந்தால் ஆம்ப்பின் பவர், எர்த், ஸ்பீக்கர் ஒயர் அல்லது ஆம்ப்பே குற்றவாளி. சத்தம் நின்றுவிட்டால் ஆம்ப் பக்கம் சுத்தம். சிக்னல் வழியாகத்தான் வருகிறது.

சிக்னல் வழி என்று தெரிந்தால் அடுத்து கைப்பேசி. 3.5 மில்லிமீட்டர் முனையும் மறுமுனையில் ஆர்சிஏவும் உள்ள ஒயரைக் கொண்டு கைப்பேசியை நேரே ஆம்ப்பில் மாட்டுங்கள். கைப்பேசி சார்ஜரில் இருக்கக் கூடாது, சொந்த பாட்டரியில்தான் ஓட வேண்டும். சத்தம் இல்லையா? அதே கைப்பேசியை இப்போது டேஷ்போர்டுப் பக்கம் கொண்டுபோய், ஏற்கனவே இழுத்திருக்கும் ஆர்சிஏ ஒயரின் முன்முனையில் மாட்டிப் பாருங்கள். இங்கே ஊளை வந்தால் ஒயர்தான். எங்காவது சீட் தண்டவாளத்துக்கு அடியில் நசுங்கி வெளிச்சுற்று பாடியைத் தொட்டிருக்கும், அல்லது பவர் ஒயரோடு ஒட்டி ஓடியிருக்கும். இங்கேயும் சுத்தமாக இருந்தால் ஸ்டீரியோ. மூன்று சோதனைக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகாது.

ஸ்டீரியோவில் பழுது என்றால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் உள்ளே இருக்கும் எர்த்துக்கும் நடுவில் மிளகளவில் ஒரு ஃபியூஸ் இருக்கும். சிலவற்றில் போர்டில் மெல்லிய செம்புக் கோடு மட்டும் இருக்கும். ஆம்ப்பின் எர்த் ஒயர் லூசாகிப் பிடி விட்டால், ஆம்ப் தனக்கு வேண்டிய எர்த்தை ஆர்சிஏ வழியாக இழுக்கப் பார்க்கும். அந்த ஃபியூஸ் அந்த நொடியிலேயே போய்விடும். அதன்பின் பாட்டு வரும், கூடவே பெரிய ஊளையும் வரும். சோதிக்க, ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளி வளையத்திலிருந்து ஸ்டீரியோவின் உலோகப் பெட்டிக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். ஊளை பட்டென்று அடங்கினால் அந்த ஃபியூஸ்தான் போயிருக்கிறது. ஒயரை அப்படியே சுற்றி விட்டுவிடுவது தற்காலிகம். பெட்டியைத் திறந்து ஃபியூஸ் மாற்றுவதே முறை. இது மறுபடி வராமல் இருக்க ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தால் போதும்: கழற்றும்போது ஆர்சிஏவை முதலில் கழற்றி எர்த்தைக் கடைசியில் கழற்றுங்கள், மாட்டும்போது எர்த்தை முதலில் மாட்டி ஆர்சிஏவைக் கடைசியில் மாட்டுங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே ஆம்ப் சேர்ப்பவர்கள் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து கன்வெர்ட்டர் வழியாகச் சிக்னல் எடுக்கிறார்கள். அங்கே நடக்கும் பெரிய தப்பு, ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்வது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே 6 வோல்ட் அளவில் டிசி இருக்கும். மைனஸ் என்று எழுதியிருப்பது வெறும் பெயருக்குத்தான். அதை பாடியில் வைத்தால் அவுட்புட் ஐசி போய்விடும், சில நேரம் புகையோடு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரித்த கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கினால் ஊளைக்கும் இடமிருக்காது.

எர்த் போடும் முறைக்கு வருகிறோம். டிக்கியின் அடித்தகடு நல்ல இடம். துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டாங்க், பிரேக் குழாய், ஒயரிங் எதுவும் இல்லை என்று கண்ணால் பாருங்கள். கேஸ் வண்டியில் இருமடங்கு கவனம் வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட், பிரைமர் எல்லாம் போய் வெள்ளை இரும்பு பளபளக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட், அதற்கு நட்டு. லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) நேரே இரும்பின் மேல் உட்கார வேண்டும். லக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் வாஷர் வைக்கிற பழக்கம் வேண்டாம். லக்குக்கு மேலே ஸ்டார் வாஷர், பிறகு நட்டு. இறுக்கிய பிறகு மேலும் கீழும் பெயின்ட் அடித்தோ வாஸ்லின் தடவியோ மூடிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் ஆறு மாதத்தில் துரு ஏறி ஊளை திரும்பி வரும். செம்பு லக்கும் இரும்புத் தகடும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு சின்ன பாட்டரி, இரும்புதான் கரையும். வெள்ளீயம் பூசிய லக் வாங்கினால் இந்த அரிப்பு குறையும். அரிமானத்தையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை 1953 முதல் வைத்திருக்கிற ஊர் காரைக்குடி; இங்கேயே எர்த் போல்ட்டை மூடாமல் விடுகிறோம் என்பது கொஞ்சம் வெட்கம்தான். தொண்டிப் பக்கம் கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்வதால், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். அதில் மரையைப் பிடித்துவைக்கும் பசை தடவியிருப்பார்கள், மின்சாரம் ஒழுங்காகப் போகாது. மேலும் உயிர்காக்கும் போல்ட்டில் நாம் கைவைக்கக் கூடாது. டிக்கிக் கதவு, ஸ்பாட் வெல்டு அடித்த மெல்லிய பட்டை, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் ஆகியவையும் வேண்டாம். ஒயர் நீளம் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பவர் ஒயர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன் எர்த்துக்கும் வேண்டும். ‘மைனஸ்தானே’ என்று மெல்லியதாகப் போடுவது இங்கே எங்கும் காணும் காட்சி. போகிற ஆம்பியர் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆம்ப் இருந்தால் இரண்டுக்கும் ஒரே போல்ட்.

ஒயர் வாங்கும்போது முனையில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதில் தடை, அதே அளவு செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதைத்தான் போடுவது என்றால் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். 300 வாட் ஆர்எம்எஸ் வரை 10 சதுர மில்லிமீட்டர் செம்பு தாங்கும், 500 வாட் பக்கம் போனால் 16 முதல் 25. பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வேண்டும். அது ஊளைக்காக அல்ல, தீக்காக.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட்டுப் பார்ப்பவர்கள் அதிகம். அது பயனில்லாத வேலை. மீட்டரின் ஒயருக்கே 0.2 முதல் 0.5 ஓம் இருக்கும். நாம் தேடுவதோ அதில் நூறில் ஒரு பங்கு. வோல்ட்டில் அளக்க வேண்டும். மீட்டரை 2 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை ஒரு நீள ஒயர் சேர்த்து பாட்டரியின் மைனஸ் முனையில் வையுங்கள். கிளாம்ப்பில் வைக்காமல் ஈயக் கட்டையிலேயே வைக்க வேண்டும். நீள ஒயர் என்று கவலை வேண்டாம், மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமில்லை. சிவப்பு முனை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில். எஞ்சின் ஓட, பாட்டைச் சத்தமாக வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 0.2ஐத் தாண்டினால் சிவப்பு முனையை அங்கிருந்து ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள்: லக், போல்ட்டின் தலை, பக்கத்துத் தகடு, முன்னால் பாட்டரியின் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம், எஞ்சின் பிளாக், பாட்டரி கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது வோல்ட் திடீரென்று விழுகிறதோ அந்த இணைப்பில் தடை இருக்கிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் பட்டையாக ஒன்று இருக்கும். டீசல் வண்டியின் அதிர்வில் அது இழை இழையாக அறுந்து, பார்வைக்கு முழுசாகத் தொங்கிக்கொண்டிருப்பதுண்டு. செம்மண் புழுதி படிந்து கிடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வரும் குடும்பங்களின் வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கின்றன. நின்ற பாட்டரி இறங்கிச் சல்ஃபேட் கட்டிவிடும். ஆல்டர்நேட்டரின் அலையைக் குடித்துச் சமப்படுத்துவதே பாட்டரியின் வேலைகளில் ஒன்று. அது பலவீனமானால் அலை அப்படியே ஒயர்களில் ஓடும். போன முறை சுத்தமாகப் பாடிய செட் இந்த முறை ஊளையிடுகிறது என்றால் ஆம்ப்பைக் கழற்றாதீர்கள். எஞ்சின் ஓடாமல், சில மணி நேரம் நின்ற பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் தனியாகச் சார்ஜ் போட வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பூச்சை, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். அடுப்படியில் இருக்கும் அதே சோடாதான். செல்லுக்குள் அது போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். எலி கடித்த ஒயரும் இந்த ஷெட் வண்டிகளில் சகஜம்; ஆர்சிஏவின் தோலைக் கடித்து வெளிச்சுற்றைப் பாடியில் சாய்த்துவிட்டுப் போயிருக்கும்.

ஆல்டர்நேட்டரையே சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. ஊளை இழைந்து ஏறாமல் கரகரத்து உறுமினால், லைட் துடித்தால், இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போனால், டயோடு ஒன்று போயிருக்கலாம். எஞ்சின் 2000 ஆர்பிஎம், ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஓட, பாட்டரி முனைகளில் டிசி 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதே இடத்தில் ஏசி 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 0.5ஐத் தாண்டினால் ஆல்டர்நேட்டரைக் கழற்றிக் கொடுக்கலாம். ஆனால் எல்லாக் கடையிலும் கிடக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அதன் கீழ் எல்லையே 200 வோல்ட் ஏசி. போதாக்குறைக்கு டிசியையும் ஏசி என்று எண்ணி 28, 30 என்று காட்டிப் பயமுறுத்தும். 2 வோல்ட் ஏசி அளவுள்ள மீட்டர் வேண்டும்.

இத்தோடு ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்து ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாரும் செய்ய விடாதீர்கள். ஆல்டர்நேட்டருக்கு முன் இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. பாட்டரி கழன்ற நொடியில் வோல்ட்டேஜ் பல பத்துகளுக்குத் துள்ளும். இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஸ்டீரியோ, ஆம்ப் மூன்றும் அந்தத் துள்ளலில் போகக்கூடும்.

டைனமோ என்றதும், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகளைப் பற்றியும் இரண்டு வரி. டைனமோவில் ஊளையைவிடப் பொரிகிற சத்தம்தான் வரும். கரி பிரஷ் கம்யூட்டேட்டரில் உரசும்போது எழும் பொறி அது. பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் சுத்தம் செய்து, 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை டைனமோவின் பெரிய டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையில் போட்டால் அடங்கும். சின்ன டெர்மினல் ஃபீல்டு. அதில் போடக் கூடாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். புது ஸ்டீரியோவை மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீரியோவின் பெட்டி டேஷ்போர்டைத் தொட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகும்.

தை மாதம் பழனிப் பாதயாத்திரையோடு போகும் வேன்களில் வேறு தினுசு. ஆம்ப்ளிஃபையர் நேரே 12 வோல்ட்டில், மைக் மிக்சர் இன்வெர்ட்டரில், பாட்டுக்கு லேப்டாப் தன் சார்ஜரில் என்று மூன்று இடத்து எர்த். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு சத்தம் நின்றுவிடும். சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் போடலாம். காரில் கைப்பேசியை ஆக்ஸிலும் போட்டு, அதே வண்டியில் சார்ஜும் போட்டால் வரும் ஊளைக்கும் இதே மருந்துதான். ப்ளூடூத்துக்கு மாறினால் அதுகூட வேண்டாம். இந்த ஐசொலேட்டரை ஆம்ப்பின் ஆர்சிஏவில் போட்டு ஊளையை நிறுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை. மட்டமானதில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, தவில் சத்தத்தின் அடிநாதத்தைத் தின்றுவிடும். அத்தோடு லூசான எர்த் அப்படியே மறைந்து கிடக்கும்.

கெயின் திருகாணி வால்யூம் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்காக இருப்பது அது. அதை முழுக்கத் திருகினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். எல்லா கெயினையும் அடியில் வைத்து, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமுக்குக் கொண்டுபோய், பிறகு மெல்லக் கூட்டுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். மீட்டர் உள்ளவர்கள் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு 1000 ஹெர்ட்ஸ் டோனில் வோல்ட்டை அளக்கலாம்: 4 ஓமில் 100 வாட் என்றால் 20 வோல்ட், 50 வாட் என்றால் 14. ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் டோன். அவுட்புட் 0.5 வோல்ட் உள்ள ஸ்டீரியோவுக்கும் 4 வோல்ட் உள்ளதற்கும் எட்டு மடங்கு வித்தியாசம், அதாவது 18 டெசிபல். வழியில் புகும் அதே அளவு ஊளை இரண்டாவதில் அந்த அளவுக்கு அடங்கிக் கேட்கும்.

பவர் ஒயரை ஒரு பக்கப் படிக்கு அடியிலும் ஆர்சிஏவை மறுபக்கமும் இழுங்கள். குறுக்கிட வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். நல்ல பழக்கம். ஆனால் எர்த் கெட்டிருக்கும் வண்டியில் ஒயரை மட்டும் பிரித்து இழுத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை ஸ்டீரியோவின் நீல-வெள்ளைக் கம்பியிலிருந்து எடுங்கள். இக்னிஷனிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஊஃபர் ‘தும்’ என்று குதிக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஊளை மிச்சம் இருந்து, அது ஸ்டீரியோவின் பவர் ஒயர் வழியாகத்தான் வருகிறது என்று தெரிந்தால் ஃபில்டர் போடலாம். தெரிந்துகொள்ள எளிய வழி, ஸ்டீரியோவின் பிளஸையும் மைனஸையும் வண்டியிலிருந்து பிரித்து, தனியாக ஒரு பைக் பாட்டரியில் ஃபியூஸ் வைத்து ஓட்டுவது. ஊளை நின்றால் ஃபில்டருக்கு வேலை இருக்கிறது. 10 ஆம்பியர் தாங்கும் சோக் (கம்பிச் சுருள்) உள்ள ஃபில்டர் போதும். ஸ்டீரியோவுக்கு அருகிலேயே மாட்டி, அதன் எர்த் ஒயரைக் குட்டையாக வையுங்கள். ஆம்ப்பின் பவர் ஒயரில் இதே ஃபில்டரைப் போடாதீர்கள். 60 ஆம்பியர் போகும் இடத்தில் அது சூடேறி உருகும். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் ஊளைக்கான மருந்தே அல்ல.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ப்ளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, பாட்டை நிறுத்தி வால்யூமை மட்டும் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வைத்து, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி ட்வீட்டரில் காது வையுங்கள். கடைக்காரர் பாட்டைப் போட்டுக் காட்டினால் அது சோதனையாகாது. கார்ப்பெட்டை மூடும் முன் எர்த் போல்ட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வண்டியைத் திறக்கிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தேடும் அரை நாள் மிச்சமாகும்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை பார்ப்பவர்கள் சிலர்,
காரைக்குடி.